ஹெட் போயிடுச்சா? வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரின் மூப்பும் பழுதும்

“ஹெட் போயிடுச்சு சார். மாத்துற காசுக்குப் புதுசே வாங்கிடலாம்.” ஐந்தாறு வருடம் ஓடிய பிரிண்டரைச் சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் பலரும் இதைக் கேட்டுவிட்டுத்தான் திரும்புகிறார்கள். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்லிவிட முடியாது. அச்சு கோடு கோடாக வந்தாலும், ஒரு நிறம் மட்டும் விழாவிட்டாலும், தாள் வெள்ளையாகவே வெளியே வந்தாலும், எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரே பதில் அதுதான். ஆனால் வயதான இங்க்ஜெட்டில் முதலில் கெடுவது ஹெட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர், பஞ்சு, மெல்லிய குழாய் போன்றவை. எல்லாமே மலிவுச் சாமான்கள். அவற்றைக் கவனிக்காமல் விட்ட பிறகுதான் ஹெட் போகிறது. அதற்கும் முன்னதாகவே சில பிரிண்டர்கள் நின்றுவிடுகின்றன. மெமரியில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணக்கு முடிந்துவிட்டது என்பதைத் தவிர அவற்றில் வேறு பழுதே இருக்காது.

பழுது பார்க்க உட்காருவதற்கு முன், இங்க்கைத் தாளில் தெளிக்கும் ஹெட் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். செலவு செய்யலாமா வேண்டாமா என்பது பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும். இங்க்ஜெட்டில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று வெப்ப முறை. 1977-இல் கேனான் ஆய்வுக்கூடத்தில் சூடான சால்டரிங் அயர்ன் ஒன்று இங்க் நிரம்பிய சிரிஞ்சின் ஊசியில் பட, முனையிலிருந்து இங்க் தெறித்தது. இச்சிரோ எண்டோ குழுவின் பபுள் ஜெட் அதிலிருந்து பிறந்தது என்பது அந்த நிறுவனம் சொல்லும் வரலாறு. ஏறக்குறைய அதே காலத்தில் ஹெச்பியிலும் தனியாக இதே வழியைக் கண்டுபிடித்தார்கள். நாசில் எனப்படும் நுண்துளைக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஹீட்டர் சில மைக்ரோ செகண்டுகளில் சுமார் 300 டிகிரி வரை சூடேறி, இங்க்கில் ஆவிக்குமிழை எழுப்புகிறது. குமிழ் துளியை வெளியே தள்ளுகிறது. மற்றது எப்சன் பின்பற்றும் பியஸோ முறை. அங்கே சூடு கிடையாது. மின்சாரம் கொடுத்தால் வளையும் தகடு ஒன்று இங்க்கை அழுத்தித் தள்ளுகிறது.

வெப்ப ஹெட்டைச் சிலிக்கான் சில்லு போல மலிவாகச் செய்யலாம். ஆனால் ஹீட்டர் நாளடைவில் கருகும். ஆகவே ஹெச்பி 1984-இல் திங்க்ஜெட்டைக் கொண்டுவந்தபோது, இங்க் தீர்ந்ததும் ஹெட்டையும் சேர்த்தே தூக்கி எறிகிற மாதிரி வடிவமைத்தது. ஹெச்பி 802, 803, கேனான் 745, 746 என்று நம் வீடுகளில் புழங்கிய கார்ட்ரிட்ஜ்கள் எல்லாம் அந்த வம்சம். பியஸோ ஹெட்டுக்கு ஆயுள் அதிகம், விலையும் அதிகம். அதனால் அது பிரிண்டரோடு நிலையாக இருக்கும். எப்சன் எல் வரிசை இந்த வகை. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று உண்டு. கேனான் ஜி வரிசை, ஹெச்பி இங்க் டேங்க் ஆகியவற்றில் இங்க் தொட்டியில் இருக்கும்; ஹெட் வெப்ப முறைதான், ஆனால் கறுப்புக்கு ஒன்று, கலருக்கு ஒன்று என்று தனியாகக் கழற்றி மாட்டலாம்.

கார்ட்ரிட்ஜ் பிரிண்டரில் அச்சு சரியில்லை என்றால் சர்வீஸ் கட்டணம் கொடுப்பது வீண். தெரிந்தவரிடமிருந்து நல்ல கார்ட்ரிட்ஜ் ஒன்றை வாங்கி மாட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். டேங்க் வகையில் கழற்றக்கூடிய ஹெட் என்றால் உதிரியின் விலையை விசாரித்துவிட்டு முடிவெடுக்கலாம். நிலையான பியஸோ ஹெட் என்றால்தான் உண்மையான வைத்தியம் தேவைப்படும். அங்கே கடைசிவரை முயன்று பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

டேங்க் பிரிண்டர் வந்த கதையும் இங்கே பொருத்தமானது. கார்ட்ரிட்ஜ் விலை தாங்காமல் சிரிஞ்சில் இங்க் ஏற்றிக்கொடுக்கும் கடைகள் ஆசிய நகரங்கள் எங்கும் முளைத்தன. அடுத்த கட்டமாக, பிரிண்டருக்கு வெளியே பாட்டில்களை வைத்து டியூப் போட்டு உள்ளே இழுத்தார்கள். சென்னை ரிச்சி தெருவில் இது ஒரு தனித் தொழிலாகவே நடந்தது. 2010-இல் எப்சன் இந்தோனேசியாவில் எல்100, எல்200 மாடல்களை இறக்கியபோது, தெருவில் மெக்கானிக் ஒட்டுப்போட்டுச் செய்ததைத் தொழிற்சாலையில் ஒழுங்காகச் செய்து வாரண்டியோடு விற்றது. கேனான் 2015-இலும் ஹெச்பி 2016-இலும் அதே பாதைக்கு வந்தன. பாட்டில் இங்க்கால் பக்கத்துக்கு ஆகும் செலவு அடிமட்டத்துக்கு இறங்கியது. கூடவே வீட்டுப் பிரிண்டரின் ஆயுள் எதிர்பார்ப்பும் கூடிவிட்டது. அதனால்தான் பழுது என்ற பேச்சே இன்று பெரிதாகியிருக்கிறது. கார்ட்ரிட்ஜ் காலத்தில் மலிவுப் பிரிண்டரை யாரும் இவ்வளவு யோசித்துப் பழுது பார்க்கவில்லை.

சோதனைக்கு வருவோம். ஸ்கேனர் உள்ள பிரிண்டர் என்றால் கம்ப்யூட்டரைத் தொடாமல் ஒரு காப்பி எடுத்துப் பார்ப்பது முதல் வேலை. காப்பி சுத்தமாக வந்தால் பிரிண்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. டிரைவரிலோ இணைப்பிலோ கோளாறு. ‘ஆஃப்லைன்’ என்று அடம்பிடிக்கும் பழைய வைஃபை பிரிண்டர்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். வீட்டில் ரூட்டரை மாற்றி, போனும் லேப்டாப்பும் 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போன பிறகு பிரிண்டர் தனியாக நிற்கும். யூஎஸ்பி கேபிளை மாட்டினால் ஓடும். இதற்குப் போய்ப் பிரிண்டரைக் கடைக்குச் சுமந்தவர்கள் உண்டு.

காப்பியும் மோசம் என்றால் நாசில் செக். பெரும்பாலான மாடல்களில் பட்டன்களை அழுத்தியே இந்தச் சோதனைத் தாளை எடுக்கலாம். எப்சனில் நான்கு நிறத்திலும் படிப்படியாக இறங்கும் சின்னச் சின்னக் கோடுகள் வரும். ஒவ்வொரு கோடும் ஒரு நாசில். கோடு இல்லாத இடம் அடைத்த இடம் என்ற அளவில் பலரும் நிறுத்திவிடுகிறார்கள். அந்தத் தாளில் அதற்கு மேலும் படிக்க இருக்கிறது. தாளின் ஓரத்தில் நேரத்தை எழுதி, இடைவெளி விட்டு எடுத்த மூன்று தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இடைவெளி மூன்றிலும் ஒரே இடத்தில் இருந்தால் அடைப்பு, அல்லது அந்த நாசிலே போய்விட்டது. இடம் மாறிக்கொண்டே இருந்தால் காற்று புகுந்திருக்கிறது. கழுவுவதால் பயனில்லை, இங்க் வரும் வழியைப் பார்க்க வேண்டும். ஒரு நிறம் அடியோடு இல்லை என்றால் அத்தனை நாசிலும் ஒரே நாளில் அடைபட்டிருக்கும் என்று நம்ப வேண்டியதில்லை. டேங்கில் இங்க் கீழ்க்கோட்டுக்கு இறங்கி டியூப்புக்குள் காற்று போயிருக்கும். அல்லது பிரிண்டரை இடம் மாற்றியபோது பூட்டிய வால்வைத் திறக்க மறந்திருப்பார்கள். நாசில் செக் சரியாக வந்து, முழுப்பக்கப் படம் மட்டும் பாதிக்கு மேல் வெளிறிப்போனால் இங்க் ஓட்டம் போதவில்லை. மஞ்சள் கோட்டில் கறுப்புப் பூச்சு தெரிந்தால் ஹெட்டுக்கு அடியில் துடைக்கும் ரப்பரும் மூடியும் அழுக்கு. இத்தனையையும் ‘ஹெட் போயிடுச்சு’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டால் வைத்தியம் எப்படி நடக்கும்?

அடைப்பு ஏன் வருகிறது என்பது இங்க்கைப் பார்த்தால் புரியும். இந்த இங்க்கில் பெரும்பகுதி தண்ணீர். சீக்கிரம் காயாமல் இருக்கக் கிளிசரின் போன்றவை சேர்ந்திருக்கும். துளியின் அளவு சில பிக்கோலிட்டர். ஒரு பிக்கோலிட்டர் என்பது லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. தலைமுடியைவிட மெல்லிய துளையின் வாயில் தண்ணீர் ஆவியானால் மிச்சம் பிசினாக நின்றுவிடும். சாய இங்க் என்றால் ஈரம் பட்டதும் கரைந்துவிடும். நிறமித் துகள் கலந்த இங்க் காய்ந்தால் அவ்வளவு எளிதில் கரையாது. கேனான் ஜி வரிசையிலும் ஹெச்பி டேங்க் வகையிலும் கறுப்பு இந்த வகை. எப்சனின் 664, 003 பாட்டில்கள் நான்கும் சாயம். ஆகவே மாதக்கணக்கில் சும்மா கிடந்த எப்சன் மீள்வதற்கும், அதே நிலையில் உள்ள கேனானின் கறுப்பு மீள்வதற்கும் வேறுபாடு உண்டு. சாயம் ஓடும் டேங்கில் நிறமி இங்க்கை ஊற்றுவது மட்டும் கூடவே கூடாது.

இங்க் காயாமல் காக்க வேண்டிய பொறுப்பு ஒரு சின்ன ரப்பர் மூடியினுடையது. அச்சு முடிந்ததும் ஹெட் வலது ஓரம் போய் நிற்குமே, அங்கே அடியிலிருந்து மேலெழும்பி அதை மூடிக்கொள்ளும் பெட்டி. மெல்லிய ரப்பர் விளிம்பு, உள்ளே பஞ்சு, அடியில் ஒரு குழாய், குழாய்க்குப் பின்னால் பம்ப். ஹெட் கிளீனிங் கொடுக்கும்போது இந்த மூடி ஹெட்டோடு இறுகிக்கொள்ள, பம்ப் நாசில் வழியாக இங்க்கை உறிஞ்சுகிறது. இந்த விளிம்பில் காய்ந்த இங்க் கட்டிப் படிந்தாலோ, முடியோ நூலோ சிக்கினாலோ இறுக்கம் போய்விடும். பிறகு பம்ப் இங்க்கை விட்டுவிட்டுக் காற்றை இழுக்கும். ராத்திரி முழுக்க நாசில்கள் காயும். கிளீனிங் கொடுக்கக் கொடுக்க அச்சு இன்னும் மோசமாகிறது என்று புலம்புகிறார்களே, அங்கே பெரும்பாலும் இதுதான் நடக்கிறது.

சோதிப்பது எளிது. பிரிண்டரை ஆன் செய்து ஹெட் நடுப்பக்கம் நகர்ந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டால் மூடி திறந்து கிடக்கும். சிரிஞ்சில் டிஸ்டில்டு வாட்டர் எடுத்து மூடியின் விளிம்பு வரை நிரப்ப வேண்டும். மறுபடி ஆன் செய்து ஒரு கிளீனிங் ஓடவிட்டு, அதே மாதிரி ஹெட்டை நகர்த்திப் பார்த்தால், தண்ணீர் போயிருக்க வேண்டும். அப்படியே நின்றால் குழாய் அடைத்திருக்கிறது, அல்லது கழன்றிருக்கிறது, அல்லது பம்ப் தேய்ந்துவிட்டது. இப்போது ஹெட்டைக் குற்றம் சொல்வதில் நியாயமே இல்லை. தண்ணீர் இறங்குகிறது என்றால் விளிம்பைப் பஞ்சுக் குச்சியால் சுற்றிச் சுற்றித் துடைத்து, பக்கத்தில் நிற்கும் வைப்பர் ரப்பரையும் துடைத்துவிட்டுப் பார்க்கலாம். பல பிரிண்டர்கள் இந்த இடத்திலேயே எழுந்து உட்கார்ந்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊருக்கென்று ஓர் எச்சரிக்கை. போர்வெல் தண்ணீரின் உப்பு ஹெட்டுக்கு அடைப்பைவிட மோசம். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் பைக் மெக்கானிக் கடையிலேயே கிடைக்கிறது, அது போதும். அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். காய்ந்த நிறமி இங்க்குக்கு அவை சில நேரம் உதவும். ஆனால் ஹெட்டை ஒட்டியிருக்கும் பசையையும் ரப்பரையும் அவை சும்மா விடா. சாய இங்க்குக்குத் தண்ணீரையும் பொறுமையையும் தாண்டிப் போகத் தேவையில்லை. ஈரமான டிஷ்யூவை ஹெட்டுக்கு அடியில் வைத்து ஒரு ராத்திரி விடுவதே சிரிஞ்சால் அழுத்தித் தள்ளுவதைவிட நல்லது. பியஸோ ஹெட்டின் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு, கட்டைவிரல் அழுத்தத்தைத் தாங்குவதற்குச் செய்யப்பட்டதல்ல. டியூப் மாட்டி சிரிஞ்சால் தள்ளிக் காட்டும் வித்தையில் பிழைத்த ஹெட்களும் உண்டு, உடனே செத்த ஹெட்களும் உண்டு. தூக்கி எறியத் தயாரான பிறகு மட்டும் அதில் இறங்கலாம்.

கிளீனிங்கை எத்தனை முறை கொடுப்பது? இரண்டு மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து கொடுக்கக் கூடாது. எப்சன் கையேடுகளே, மூன்று முறை பார்த்தும் சரியாகாவிட்டால் அணைத்துவிட்டு, மாடலைப் பொறுத்து 6 மணி நேரமோ 12 மணி நேரமோ விட்டுப் பார்க்கச் சொல்கின்றன. சும்மா சொல்லவில்லை. காய்ந்தது ஊறவும், காற்றுக்குமிழ்கள் மேலேறவும் அந்த நேரம் வேண்டும். வெப்ப ஹெட்டில் இன்னொரு ஆபத்து: இங்க் வராமல் ஹீட்டர் மட்டும் சுட்டுக்கொண்டே இருந்தால் அது கருகிப்போகும். கறுப்பு விழவில்லை என்று பத்துப் பக்கம் அச்சடித்துப் பார்ப்பவர்கள் அடைபட்ட ஹெட்டை நிஜமாகவே கொன்றுவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டு வீடுகளில் ஹெட் காய்வதற்கு இன்னொரு காரணம் சுவரில் இருக்கும் சுவிட்ச். கரண்ட் பில் மீதுள்ள பயத்தில் வேலை முடிந்த கையோடு சுவிட்ச் போர்டில் அணைப்பது நமக்குப் பழகிய ஒன்று. பிரிண்டரின் சொந்தப் பட்டனை அழுத்தினால்தான் ஹெட் மூடிக்குப் போய் ஒழுங்காக உட்காரும். நடுவழியில் நின்ற ஹெட்டை ஏப்ரல் மாத வெயிலில் மூன்று நாள் திறந்து போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பட்டனில் அணைத்துவிட்டுப் பிறகு சுவரில் அணைக்கலாம். மின்வெட்டில் நின்றுபோனால் கரண்ட் வந்ததும் ஒரு தடவை ஆன் செய்து முறையாக அணைத்து வைக்கலாம். வாரத்துக்கு ஒரு கலர் பக்கம் அச்சடிப்பது கிளீனிங்கில் வீணாகும் இங்க்கைவிட மலிவு.

இனி, தொடக்கத்தில் சொன்ன அந்த மெமரிக் கணக்கு. கிளீனிங்கில் உறிஞ்சிய இங்க் எல்லாம் பிரிண்டரின் அடியில் இருக்கும் தடித்த பஞ்சு பேடில் போய்ச் சேர்கிறது. பேட் எவ்வளவு நனைந்தது என்று பெரும்பாலான மாடல்கள் அளப்பதில்லை. எத்தனை கிளீனிங், எவ்வளவு இங்க் என்று மெமரியில் கூட்டிக்கொண்டே போகின்றன. கூட்டுத்தொகை எல்லையைத் தொட்டதும் வேலைநிறுத்தம். எப்சனில் ‘இங்க் பேடின் ஆயுள் முடிந்தது’ என்று திரையில் வரும், சிவப்பு விளக்குகள் மாறி மாறி மின்னும். கேனானில் 5பி00 என்ற பிழை. முதல் நாள் வரை பளிச்சென்று அச்சடித்த பிரிண்டர் அது. 2017-இல் பிரான்சில் ஒரு நுகர்வோர் அமைப்பு, பொருளின் ஆயுளைத் திட்டமிட்டுக் குறைப்பதாகப் பிரிண்டர் நிறுவனங்கள் மீது புகார் கொடுத்து, எப்சன் மீது அரசுத் தரப்பு விசாரணை தொடங்கியபோது, இந்தப் பேடும் பேசப்பட்டது.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. பேட் ஒருநாள் நிறையத்தான் செய்யும். நிற்காமல் ஓடினால் மேசையிலும் கம்பளத்திலும் இங்க் வழியும். நிறுத்தியது குற்றமில்லை. எல்லையைத் தொடும்வரை மூச்சுவிடாமல் இருந்துவிட்டு, சாதாரண ஸ்க்ரூடிரைவரால் மாற்றக்கூடிய பஞ்சைச் சர்வீஸ் சென்டரின் சாஃப்ட்வேருக்குப் பின்னால் பூட்டி வைத்ததுதான் குற்றம். இதற்கு வேறு சாட்சி தேவையில்லை. பின்னால் வந்த மாடல்களே சாட்சி. கேனான் ஜி3020 போன்றவற்றில் மெயின்டெனன்ஸ் கார்ட்ரிட்ஜ் என்ற பெயரில் அதைப் பயனரே கழற்றி மாட்டும்படி கொடுத்துவிட்டார்கள். செய்ய முடிந்ததை இத்தனை காலம் செய்யாமல் இருந்திருக்கிறார்கள்.

கணக்கைப் பூஜ்யமாக்கும் ரீசெட் புரோகிராம்கள் காசுக்கும் ஓசிக்கும் கிடைக்கின்றன. ஓசியில் வருவதில் வைரஸும் சேர்ந்தே வரும் என்பதால் பழைய லேப்டாப்பில் மட்டும் ஓட்டுகிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ரீசெட் மட்டும் செய்து பேடைத் தொடாமல் அனுப்புகிற கடையும் உண்டு. வாடிக்கையாளர் கேட்க வேண்டிய ஒரே கேள்வி “பேடை மாத்தினீங்களா, காட்டுங்க” என்பது. கழுவிக் காயவைத்த பேட் என்றாலும் சரி. இன்னும் விவரமானவர்கள் கழிவு டியூப்பை வெளியே இழுத்து ஒரு பாட்டிலில் விட்டுவிடுகிறார்கள். பார்க்க அசிங்கம்தான், வேலைக்கு நல்லது.

கார்ட்ரிட்ஜ் உலகில் பூட்டு இன்னும் வெளிப்படையானது. 2016 செப்டம்பரில் ஹெச்பியின் சில ஆஃபீஸ்ஜெட் மாடல்கள் வேறு நிறுவனத்தின் சில்லு போட்ட கார்ட்ரிட்ஜ்களை ஒரே நாளில் ஏற்க மறுத்தன. எதிர்ப்புக் கிளம்பி, நிறுவனம் வருத்தம் தெரிவித்து மாற்று ஃபர்ம்வேர் கொடுத்தது. 2020-இல் இத்தாலியின் போட்டி ஆணையம் இத்தகைய கட்டுப்பாடுகளைச் சரியாக விளக்காததற்காக 1 கோடி யூரோ அபராதம் போட்டது. இந்தியாவில் பழுதுபார்க்கும் உரிமைக்காக நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது; டிசம்பரில் ஓர் இணையவாசலும் திறந்தது. கையேடும் உதிரி விலையும் பொதுவில் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். நாசில் செக் படிப்பது எப்படி என்பதாவது தமிழில் இருந்தால் கடைக்காரர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் உதவும்.

தாள் இழுக்காத கோளாறுகளில் பெரிய மர்மம் ஏதும் இல்லை. பின்பக்கம் தாள் வைக்கும் பிரிண்டரின் வாயில் பென்சில், ஹேர்பின், சில்லறை என்று எது விழுந்தாலும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். டார்ச் அடித்துப் பார்ப்பது முதல் சிகிச்சை. ரோலரில் தாள்தூள் படிந்து வழவழப்பானால் ஈரத்துணியால் துடைத்தால் பிடிப்பு திரும்பும். ரப்பரே கெட்டிப்பட்டிருந்தால் மாற்ற வேண்டும். இரண்டு மூன்று தாளாகச் சேர்ந்து இழுப்பது மழைக்காலத்தில் கடலோர ஊர்களில் சகஜம். பிரித்த பேப்பர் கட்டைப் பிளாஸ்டிக் கவரில் மூடி வைத்தாலே பாதி தீரும்.

ஹெட் தடதடவென்று ஓரத்தில் மோதினால் பல்சக்கரம் உடைந்தது என்று முடிவுகட்ட வேண்டாம். ஹெட் ஓடும் பாதையில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெல்லிய பிளாஸ்டிக் நாடா ஒன்று கட்டியிருக்கும். உற்றுப் பார்த்தால் நெருக்கமான நுண்கோடுகள் தெரியும். தான் எங்கே இருக்கிறோம் என்று ஹெட் அதைப் பார்த்துத்தான் அறிகிறது. கிரீஸோ இங்க்கோ ஒரு பொட்டு பட்டாலும் அந்த இடத்தில் கணக்குத் தவறும். தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் லேசாகத் துடைத்தால் போதும். தின்னர் போட்டுத் துடைத்தால் கோடுகளே அழிந்துபோகக் கூடும். கோடையில் பிரிண்டருக்குள் குடியேறும் எறும்புகளும் பல்லி முட்டையும் சென்சாரை மறைத்து இதே தொல்லையைத் தரும்.

எப்போது விடுவது? நிலையான பியஸோ ஹெட்டில் ஊறவைத்தும், மூடியும் பம்பும் சரியாக இருந்தும், ஒரே இடத்தில் கொத்தாக நாசில்கள் இல்லாமலே இருந்தால் அது மின்சாரப் பழுது. புதுப் பிரிண்டரின் விலையில் பெரும்பங்கைக் கொடுத்து ஹெட் மாற்றுவது, மற்ற பாகங்களும் கிழடாகிவிட்ட பெட்டிக்குத் தகாது. மின்னலிலோ மின்னழுத்த ஏற்ற இறக்கத்திலோ போர்டு போயிருந்தாலும் அப்படியே. ஆனால் பேட், மூடி, பம்ப், ரோலர் இந்த நான்கில் எது போனாலும் பத்து வருடப் பிரிண்டரைக்கூடச் சரிசெய்வது லாபம். ஸ்கேனர் மட்டும் நன்றாக இருந்தால் இங்க்கை மறந்துவிட்டு ஸ்கேனராகவே வைத்துக்கொள்ளலாம். இங்க் பிழை வந்தால் ஸ்கேனையும் மறுக்கும் மாடல்கள் இருப்பதால் முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளில் பிரிண்டரும் கார்ட்ரிட்ஜும் அடங்கும். திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு வழிசெய்யும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. பழைய இரும்புக்காரருக்குப் போடுவதற்கு முன் மெக்கானிக் ஒருவரைக் கேட்பது நல்லது. பவர் போர்டு, ரோலர், மூடி, ஸ்கேனர் கண்ணாடி எல்லாம் அவருக்கு வேறு பிரிண்டருக்கு ஆகும். யாரிடம் கொடுத்தாலும் டேங்கில் மிச்சமிருக்கும் இங்க்கை உறிஞ்சி எடுத்து, மூடிகளை இறுக்கி, பெட்டியைச் சாய்க்காமல் நேராக வைத்தே கொண்டுபோக வேண்டும். படுக்க வைத்தால் பேடில் வருடக்கணக்காகச் சேர்ந்த நான்கு நிறமும் ஆட்டோ சீட்டில் இறங்கிவிடும்.